இரண்டு கையும் நீட்டும் நாள்

அக்தாவ், பிப்ரவரி 20

அன்புள்ள குல்யாஷ்,

நலமா? போன் செய்தால் எடுக்க மாட்டாய் என்று தெரியும், அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

துறைமுக ஊழியர்களின் நலம் பார்க்கும் பிரிவில் நீயும் நானும் பத்து வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். உனக்கு வர வேண்டிய தலைமைப் பதவி எனக்கு வந்தது, நீ வேலையை விட்டே போய்விட்டாய். அந்த நாற்காலியில் நான் ஒரு நாளும் நிம்மதியாக உட்காரவில்லை.

வசந்தப் பண்டிகைக்கு ஊழியர்களின் உடம்புக்கும் மனசுக்கும் நல்லதாக ஏதாவது செய்யச் சொல்கிறார் புது டைரக்டர் தாஸ்தான். தலைமை அலுவலகம் யோகா, மூச்சுப்பயிற்சி, பழச்சாறு என்று ஒரு திட்டம் அனுப்பியிருக்கிறது. போன வருடம் நான் சிரிப்புப் பயிற்சி வைத்தேன். கிரேன் ஓட்டும் ஆண்களெல்லாம் ஒட்டகம் மாதிரி முறைத்துக்கொண்டு நின்றார்கள். "ஏம்மா, சிரிக்கிறதுக்கு ஓவர்டைம் உண்டா?" என்று ஒருவன் கேட்டான். நீ கூப்பிட்டால் மட்டும் தாங்களாகவே வந்து நிற்பார்களே, அது என்ன மாயமடி? உன் கெட்டிக்காரத்தனத்தில் கால்வாசி எனக்கு இருந்தால் இப்படிக் கெஞ்சிக்கொண்டிருக்க மாட்டேன். ஒரு யோசனை சொல்.

என்றும் உன்,
பல்ஜான்

அக்தாவ், பிப்ரவரி 27

பல்ஜானுக்கு,

நலம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

இவ்வளவு புகழ்ந்திருக்கிறாய், 'என்னை மன்னித்துவிடு' என்று ஒரு வரி இல்லை. பதவி உனக்குக் கிடைத்ததில் எனக்குப் பொறாமை இல்லையடி. மேலிடத்தில் உன்னைக் கூப்பிட்டுச் சொன்ன அன்றைக்கே நீ என்னிடம் ஓடி வந்திருக்க வேண்டும். நான் அறிவிப்புப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன், நாலு பேருக்கு நடுவில் நின்று. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

யோசனை சொல்கிறேன், அந்தக் கிரேன்காரர்களுக்காக. வசந்தப் பண்டிகை தொடங்கும் மார்ச் 14 நம் கோரிசு நாள். அன்றைக்குச் சின்னவர்கள் பெரியவர்களைத் தேடிப் போய் இரண்டு கையையும் நீட்ட வேண்டும், மனத்தாங்கலை அதோடு விட வேண்டும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யோகாவும் வேண்டாம், கீகாவும் வேண்டாம். ஒரு மணி நேரம் வேலையை நிறுத்து. கப்பல்துறை, கிடங்கு, அலுவலகம் எல்லா இடத்துக்கும் சின்னவர்கள் நடந்து போய்ப் பெரியவர்களுக்குக் கை கொடுக்கட்டும், டைரக்டருக்கும் அதே சட்டம்தான். முடிந்ததும் செவிலி ஸிபா எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்க்கட்டும், எண்ணெயில் பொரித்த போர்ஸாக் உருண்டையும் தேநீரும் சூடாகக் கொடு. போட்டோக்காரனை உள்ளே விடாதே. என் பெயரையும் சொல்லாதே.

குல்யாஷ்

அக்தாவ், மார்ச் 15

என் தங்கமான குல்யாஷ்,

உன் மூளையைக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும்!

தாஸ்தானுக்கு முப்பத்திரண்டு வயதுதான். "அப்போ நான்தான் எல்லார்கிட்டயும் போகணுமா?" என்று திகைத்தார். போனாரே, எண்ணெய்க் கறையோடு நின்றவர்களிடமெல்லாம் குனிந்து கை கொடுத்தார். திரும்பி வரும்போது அவர் கோட்டைப் பார்க்க வேண்டுமே!

ஒரின்பாயும் தெமிர்கானும் ஐந்து வருடமாகப் பேசுவதில்லை, நினைவிருக்கிறதா? இரண்டு பேருக்கும் ஒரே வயது. 'நான்தான் மூத்தவன், அவன் வரட்டும்' என்று ஆளுக்கொரு கிரேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோரும் கீழே கழுத்து வலிக்க நின்றோம். கடைசியில் ஒரின்பாய் தடதடவென்று இறங்கினான். "டேய் தெமிர்! நான்தான்டா சின்னவன், வச்சுக்க! இறங்கித் தொலை, தேநீர் ஆறுது!" என்று கத்தினான். தெமிர்கான் இறங்கி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். என்னால் தாங்க முடியவில்லை, உன் பெயரைச் சொல்லிவிட்டேன். கைதட்டல் கடல் வரை கேட்டிருக்கும்.

நேற்று சாயங்காலமே உன் வீட்டுக்கு வந்தேன். உன்னைவிட மூன்று மாதம் சின்னவள், நான்தானே வர வேண்டும். மூன்றாம் மாடி வரை ஏறினேன். நீ வெறும் மரியாதைக்கு ஒரு கையை மட்டும் நீட்டிவிட்டால் என்ன செய்வேன் என்று பயமாக இருந்தது. மணியை அழுத்தாமலே இறங்கிவிட்டேன்.

உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு.

பல்ஜான்

மார்ச் 18

பல்ஜான்,

கோழை! நீ தெருவைக் கடக்கும்போதே ஜன்னலில் பார்த்துவிட்டேன். அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டுக் கதவருகே ஓடி வந்தேன். நீ படியேறும் சத்தம் கேட்டது, கதவுக்கு அந்தப் பக்கம் நீ மூச்சு வாங்குவதும் கேட்டது. இந்தப் பக்கம் நான் நின்றேன். மணி அடிக்கட்டும், அப்புறம் திறக்கலாம் என்று இருந்தேன். மூத்தவள் என்கிற வீறாப்பு. நீ இறங்கிப் போன சத்தமும் கேட்டது. பிறகு இரண்டு பேருக்கு வைத்த தேநீரைத் தனியாகக் குடித்தேன்.

ஊரே என் யோசனையைப் பாராட்டுகிறது என்கிறாய். ஒரு கதவைத் திறக்கத் துப்பில்லாதவளுக்கு என்ன யோசனை வேண்டிக்கிடக்கிறது! செய்து காட்டியவள் நீ. உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறதடி.

இந்தக் கடிதத்தில் தபால்தலை இல்லை, கவனித்தாயா? உன் வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு இங்கே வெளியிலேயேதான் நிற்கிறேன். என் இரண்டு கையும் காலியாக இருக்கிறது. படித்தது போதும், எழுந்து வந்து திற.

குல்யாஷ்