நூற்றிருபது சைகோன் தட்டுகள்

18 ஜனவரி 1957, வெள்ளி

ஆதிலட்சுமி அக்காவுக்கு நாள் குறித்தாயிற்று. பிப்ரவரி பத்து, ஞாயிறு காலை வில்லியனூர் கோயிலில் தாலி. மறுநாள் சாயங்காலம் பாகூரில் எங்கள் வீட்டு வாசலில் விருந்து. அதை விருந்து என்று சொல்லக் கூடாதாம். ‘ரெசெப்சியோன்’. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் பார்த்துத் திரும்பிய சாமிநாதன் சித்தப்பா அதைச் சொல்லும்போது அவர் மூக்கு மட்டும் சைகோன் வரைக்கும் போய்விட்டுத் திரும்புகிறது.

“பந்தி கெடையாது, பாய் கெடையாது. வர்றவங்க நின்னுக்கினே சாப்புடுவாங்க, பேசிக்கினே போவாங்க.”

“மாடு மாதிரியா சித்தப்பா?”

“வெள்ளைக்காரன் மாதிரி.”

வெள்ளைக்காரன் புதுச்சேரியிலிருந்து மூட்டை கட்டி இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. சித்தப்பாவுக்கு இன்னும் தந்தி போகவில்லை போலும்.

20 ஜனவரி, ஞாயிறு

நின்றுகொண்டு எதில் சாப்பிடுவது? இதற்கு ஒரு கூட்டம்.

அம்மா வாழை இலை என்றாள். நைனா உடனே எழுந்து இலையை உள்ளங்கையில் விரித்து ரசம் ஊற்றச் சொல்லிப் பார்த்தார். ரசம் முழங்கை வழியாக இறங்கி வேட்டியில் குடியேறியது. எவர்சில்வர் தட்டு வாடகைக்கு எடுக்கலாம் என்றேன். “அத்தினி எச்சித் தட்டு யார்டி தேய்ப்பாங்க, நீயா?” என்றாள் அம்மா. என் யோசனை அங்கேயே காலமாயிற்று.

அப்போதுதான் சித்தப்பா தன் தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே அட்டைத் தட்டுகள்! வெள்ளை வெளேரென்று, விளிம்பில் நீலக் கோடு. சைகோனில் பட்டாளத்து கேன்டீனில் வாங்கியதாம். நூற்றிருபது.

“ஒரு தரம் சாப்டுட்டுத் தூக்கிப் போட்டுரணும்.”

“தூக்கிப் போடறதுக்கா கப்பல்ல கொண்டாந்தீங்க?” - அம்மா.

சித்தப்பா ஒத்திகைக்காக எனக்கு ஒரு தட்டு கொடுத்தார். நான் வழக்கம்போல சொம்பிலிருந்து தண்ணீர் எடுத்துத் தட்டில் தெளித்து, கையால் ஒரு துடை துடைத்தேன். சத்தியமாகக் குறும்பு இல்லை. கை தானாகப் போயிற்று. அம்மா சாம்பார் சாதம் போட்டாள். தட்டு ஊறின அப்பளமாகிக் கீழே தொங்கியது.

“ஐயோ! இதுக்குப் போய் எவளாவது தண்ணி தெளிப்பாளா?” சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

தெளிக்காமல் சாப்பிடுகிறவர் யார் இந்த ஊரில்? இன்று சட்டம் போட்டாயிற்று: ரெசெப்சியோன் அன்று மேசையில் சொம்பு கூடாது. கோலி சோடா மட்டும்.

மீதி நூற்றுப் பத்தொன்பது. ஒரு தட்டு என்னால் வீரமரணம்.

27 ஜனவரி, ஞாயிறு

தட்டு பத்தாது. ஆகவே ஆட்களைப் பிரித்தாகிவிட்டது. வாசலில் மேசை, விரிப்பு, சைகோன் தட்டு - மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும். பின்னால் நெல் களத்தில் ஆல இலைத் தட்டு - நம் வயலில் வேலை செய்கிற சேரிக்காரர்களுக்கு. “தட்டு பத்தாததாலதான்” என்று நைனா மூன்று தடவை சொன்னார். முந்நூறு தட்டு இருந்தாலும் களம் களத்திலேயேதான் இருந்திருக்கும். இது எனக்கும் தெரியும், நைனாவுக்கும் தெரியும்.

ஆல இலை தைக்கிற வேலையைச் சேரியிலிருந்து வரும் காசம்மாளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நாலைந்து இலையை வட்டமாக அடுக்கி ஈர்க்குச்சியால் குத்திக் குத்திச் சேர்ப்பாள். மழை பெய்தாலும் ஒழுகாது. தன்னைப் பின்னால் நிறுத்துகிற தட்டைத் தானே தைக்கிறாள்.

2 பிப்ரவரி, சனி

வீட்டில் ரகளை.

“காசம்மா எம் பக்கத்துல நிக்கணும்” என்றாள் அக்கா.

அக்காவும் காசம்மாளும் ஒரே வரப்பில் நாற்று நட்டவர்கள். ஏரி மதகில் அக்கா வழுக்கி விழுந்தபோது முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டவள் அவள். ஊரார் முன்னால் என்னைச் ‘சின்னம்மா’ என்பாள். யாரும் இல்லையென்றால் ‘ஏ கொரங்கு’.

நைனா சொன்னார்: “நிக்கட்டும், யார் வாணான்னது? களத்துல நிக்கட்டும்.”

“அப்ப நானும் களத்துலயே நிக்கறேன்.”

“மாப்ள வூட்டார் எதிர்ல என் மானம் போவும்டி! நாகமுத்து வாசல்ல கால் வைப்பாரா?”

நாகமுத்து ஊர்ப் பெரியவர். அவர் சாப்பிடாமல் எழுந்து போன கல்யாணத்தைப் பற்றிப் பத்து வருஷம் பேசுவார்கள்.

அக்கா எழுந்து திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டாள். மாலை போட்டுக்கொள்ளப் போகிறவள் முகமா அது? எனக்குச் சிரிப்பே வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

3 பிப்ரவரி

காசம்மாளிடம் போய்ச் சொன்னேன். ஈர்க்குச்சியைப் பல்லில் கடித்துக்கொண்டே, “தெரிஞ்சதுதான கொரங்கு” என்றாள். தைப்பதை நிறுத்தவில்லை.

9 பிப்ரவரி, சனி

பரணிலிருந்து பித்தளைச் சொம்புகளை இறக்கினேன். பன்னிரண்டு. மேசையும் பன்னிரண்டு. ஒன்றும் இல்லை, சும்மா எண்ணிப் பார்த்தேன்.

12 பிப்ரவரி, செவ்வாய்

தாலி நல்லபடி ஏறியது. அதைப் பற்றி அக்காவே எழுதிக்கொள்ளட்டும். நான் நேற்றுச் சாயங்காலத்தை எழுதுகிறேன்.

சித்தப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மேசைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் வைப்பது பாவமா?

முதலில் நாகமுத்து. தட்டை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், சொம்புக்குள் கையை விட்டார், தெளித்தார், துடைத்தார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர். அவரைப் பார்த்து மாப்பிள்ளையின் மாமன். நூற்றுச் சொச்சம் கைகள் ஒரே மாதிரி தெளித்துத் துடைத்தன. சித்தப்பா திரும்பிப் பார்ப்பதற்குள் சாம்பார் சாதம் விழுந்துவிட்டது.

“நோ! நோ! தண்ணி வாணாம்!”

தட்டுகள் வரிசையாக மயங்கின. சாம்பார் நாகமுத்துவின் பட்டு வேட்டியில் இறங்கியது. கேசரி மாமனின் செருப்புக்குள் புகுந்தது. ஒருவர் ஓட்டைத் தட்டின் அடியில் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு பிரசாதம் வாங்குகிறவர் மாதிரி நின்றார். “இன்னாய்யா இது, சைகோன்ல பல்லி திங்கற தட்டா?” என்று யாரோ கேட்டார்கள்.

சோறு அண்டா அண்டாவாக இருக்கிறது, பசி இருக்கிறது, தட்டு இல்லை. இலைக்கட்டு இருப்பது களத்தில். அங்கே சேரிக்காரர்கள் கையில் ஆல இலையோடு நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கட்டுக்குப் பக்கத்தில் காசம்மாள்.

நாகமுத்து களத்தின் ஓரம் வரை வந்து நின்றுவிட்டார். எல்லாரும் அவர் காலையே பார்த்தார்கள். சாம்பார் வாசனை மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

கடைசியில் நாகமுத்து தொண்டையைக் கனைத்தார்.

“சாமிநாதா, இது பந்தியா?”

சித்தப்பா விழித்தார்.

“பந்தின்னா ஒக்காரணும் இல்ல? இங்க ஒருத்தனும் ஒக்காரல. நின்னுக்கினு திங்கறது எப்டிய்யா பந்தி ஆவும்? இன்னா சொல்ற?”

“வுய்” என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டார் சித்தப்பா, அழாக்குறையாக.

அந்த ஒரு ‘வுய்’ போதும், சேரியோடு ஒரே பந்தியில் சாப்பிட்டார் என்று இனி எவனும் சொல்ல முடியாது. பெரியவர் கையை நீட்டினார். காசம்மாள் இலையைக் கொடுத்தாள். யார் தைத்தது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவர் பின்னால் வாசலே களத்துக்கு வந்து சேர்ந்தது. அதிலும் தண்ணீர் தெளித்துத்தான் சாப்பிட்டார்கள். இலை ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா மாலையோடு வந்து காசம்மாள் பக்கத்தில் நின்றாள். நைனா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். “சூடு, பாத்துப் புடி” என்று காசம்மாள் ஒரு இலையை நீட்டினாள். அக்கா சாப்பிட்டுக்கொண்டே அழுதாளா, சிரித்தாளா - தெரியவில்லை. மாலை மறைத்தது.

ராத்திரி விசாரணை. “எவ வச்சா சொம்பு?” என்று சித்தப்பா கத்தினார். வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, “நாந்தான் வைக்கச் சொன்னேன். வூட்டுக்கு வந்தவங்களுக்குத் தண்ணி வைக்காம விசேஷமா?” என்றாள்.

அம்மா என்னிடம் அப்படிச் சொல்லவே இல்லை.

பிறகு என்னிடம் மெதுவாக: “பன்னண்டு சொம்பும் பளபளன்னு தேய்ச்சி வை. ஒண்ணுல கறை தெரிஞ்சுது, ஒரே சாத்து.”

14 பிப்ரவரி

சொம்பு தேய்த்தேன். புளி தீர்ந்துவிட்டது.

10 மார்ச், ஞாயிறு

நாகமுத்து வீட்டில் பேத்திக்குக் காது குத்து. அதுவும் ரெசெப்சியோனாம். ஊரில் யாரும் இனி உட்கார மாட்டார்கள் போலிருக்கிறது. அவருடைய ஆள் பக்கிரி ஒரு கட்டு ஈர்க்குச்சியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். இருநூறு ஆல இலைத் தட்டு வேண்டும், காசம்மாளிடம் சொல்லிவிடச் சொன்னான்.

போய்ச் சொன்னேன். “நானும் வந்து நிக்கலாமான்னு கேட்டுக்கினு வரச் சொல்லு. அப்பறம் தைக்கறேன்” என்றாள்.

பக்கிரி தலையைச் சொறிந்துகொண்டு போனான். சாயங்காலம் திரும்பி வந்தான். “வரலாமாம். நின்னுக்கினேதான்.”

அதையும் போய்ச் சொன்னேன். காசம்மாள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

“எனக்குக் கால் வலிச்சா நாற்காலி போடுவாங்களான்னு கேளு.”

பக்கிரி மறுபடியும் போயிருக்கிறான். பதில் வரும்வரை ஒரு இலைகூடத் தைக்கக் கூடாதென்று, அவன் கொண்டுவந்த ஈர்க்குச்சிக் கட்டின் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். குத்துகிறது. பரவாயில்லை.