மலைக்குள் ஒரு சிறிய மனிதர்

பென்டில் ஹில்,
ஞாயிறு காலை.

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் மகள் வினுஷாவும் சுகம். மெல்பேர்ன் பக்கம், உங்கள் த பேசின் ஊரில் குளிர் கூடியிருக்கும். தொலைபேசியை நீங்கள் எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

மாமாவின் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. டயாலிசிஸை உடம்பு தாங்கவில்லை, நிறுத்துவது பற்றி மகனோடு பேசவேண்டும் என்று டொக்டர் சொன்னார். மகன் தூரத்தில் என்றேன். அப்படியென்றால் மருமகளாவது முடிவு சொல்லவேண்டும் என்றார்.

இளைய விரிவுரையாளர்களை வேலையிலிருந்து நிறுத்த உடன்படாமல் நீங்கள் பல்கலைக்கழகத்தை விட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கெட்டுப்போன அரசவையை உதறிவிட்டு மலைக்குப் போன சீன அறிஞர்களைப் பற்றி நீங்கள் பேசக் கேட்டிருக்கிறேன். பனியிலும் பச்சையாக நிற்கும் பைன், வளைந்தாலும் முறியாத மூங்கில். அவற்றை வரைந்தவர்கள் மரத்தையல்ல, மனிதக் குணத்தைத்தான் வரைந்தார்கள் என்பீர்கள். நீங்களும் மலையடிவாரத்துக்கே போய்விட்டீர்கள்.

உங்கள் அறையில் இருந்த மலை ஓவியத்தை வினுஷா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு எதிரே ஒட்டினாள். பாதி மலையை மூடுபனி மறைக்க, அடியில் ஒரு குடிலில் அரிசியளவு மனிதர். மாமாவுக்கு நினைவு வந்து வந்து போகிறது. நெடுநேரம் பார்த்துவிட்டு, "உவன் தனியவோ இருக்கிறான்? ஆர் சாப்பாடு குடுக்கிறது?" என்றார். அவர் அறிஞர், படிக்கப் போயிருக்கிறார் என்றேன். "படிச்சது காணும். வரச்சொல்லு பிள்ளை" என்றார். வினுஷா அழுதுகொண்டு வெளியே போய்விட்டாள்.

டயாலிசிஸை நிறுத்த வியாழக்கிழமை டொக்டரிடம் நானே ஓம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் சொல்லவேண்டிய சொல் அது.

இன்னும் சில நாள்தானாம். பக்கத்து வீட்டுச் சிறிதரன் அண்ணை இன்று மெல்பேர்னுக்கு வருகிறார். இதை அவர் கையில் தருகிறேன். திரும்பும்போது உங்களையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். அவரை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள்.

மாமா இப்போது கண் திறப்பதில்லை. காது கேட்கும் என்று தாதி சொல்கிறார். என்னோடு கோபமென்றால் பேசவேண்டாம். அவர் காதருகே ஒருமுறை அப்பா என்று கூப்பிடுங்கள், போதும்.

பிள்ளையார் உங்களை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
தாட்சாயினி