வாசலில் நின்ற தம்பி

விஸ்கான்சின்
மார்ச் 4, 2018

அன்புள்ள தம்பி டுவேனுக்கு,

இங்கே பனி இன்னும் முழங்கால் அளவு. பள்ளிப் பேருந்தை ஊர்ந்துதான் ஓட்டுகிறேன். அம்மா நலம். கிர்ஸ்டனை அடக்கம் செய்து ஆறு வாரமாகிறது. ராணுவத்தில் இருந்த மகள் எந்தப் போரில் செத்தாள் என்று பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். அவள் செத்த அந்தப் பாலைவன நாட்டின்மேல், நாடாளுமன்றமான காங்கிரஸில் இருக்கும் நீங்கள் போர் அறிவிக்கவே இல்லையே. அடக்கத்துக்கு வந்த ராணுவ அதிகாரியைக் கேட்டேன். "2001ல காங்கிரஸ் போட்ட சட்டம்மா. அதுவே போதும்" என்றார்.

அந்தச் சட்டத்துக்கு நீ வாக்களித்தபோது அவளுக்கு மூன்று வயது. அடுத்த வாரம் அதை ரத்து செய்ய வாக்கெடுப்பாமே. என்ன செய்யப்போகிறாய்?

உன் அக்கா,
லோரீன்

வாஷிங்டன்
மார்ச் 9

அன்புள்ள அக்கா,

உன் கோபம் நியாயம். இரட்டைக் கோபுரங்களை இடித்தவர்களைப் பிடிக்கத்தான் அன்று அதிபருக்கு அதிகாரம் கொடுத்தோம். பின்னால் வந்தவர்கள் அதை வைத்தே எங்கெங்கோ படை அனுப்பினார்கள். நாங்களும் கேட்கவில்லை. ஆனால் ரத்து செய்த மறுநாள் எங்காவது குண்டு வெடித்தால் பழி எங்கள் தலையில் விழும். இருந்தாலும் கிர்ஸ்டனை நினைத்துத்தான் வாக்களிப்பேன். நம்பு.

தம்பி,
டுவேன்

மார்ச் 16

டுவேன்,

ரத்துத் தீர்மானம் மூன்று வாக்கில் தோற்றிருக்கிறது. உன் பெயருக்கு எதிரே 'வாக்களிக்கவில்லை' என்று இருக்கிறது. உன் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

"சபை வாசல்லயேதான் நின்னுட்டு இருந்தாரு மேடம். எல்லாம் முடிஞ்சப்புறம் உள்ள போனாரு."

ரத்து வேண்டாம் என்று வாக்களித்திருந்தால் உன்னோடு சண்டை போட்டிருப்பேன். சண்டை போடக்கூட நீ இடம் வைக்கவில்லை. என் பிள்ளையை அனுப்பத் துணிச்சல் இருந்தது, போரை நிறுத்தத்தான் இல்லையா?

லோரீன்

ஏப்ரல் 2

அக்கா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். ஆகஸ்டில் கட்சிக்குள் வேட்பாளர் தேர்வுக்கான வாக்குப்பதிவு வருகிறது. ரத்துக்கு வாக்களித்துத் தொகுதி கைவிட்டுப் போனால் நான் யாருக்கு என்ன செய்ய முடியும்? அம்மாவிடம் நீயே எடுத்துச் சொல்.

டுவேன்

ஜூன் 1

டுவேன்,

உன் கடிதத்தை அப்படியே அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

ஆகஸ்டில் உன்னை எதிர்த்து நிற்கிறேன். மனுவுக்கு ஆயிரம் வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். பால்பண்ணைகளிலும் என் பேருந்துப் பிள்ளைகளின் வீடுகளிலும் ஏறி இறங்கி ஆயிரத்து நானூறு வாங்கினேன். இன்று காலை தாக்கல் செய்தாயிற்று. ஜெயிப்பேனா தெரியாது. ஜெயித்தால், வாக்கெடுப்பு நேரத்தில் உள்ளே இருப்பேன்.

முதல் கையெழுத்து அம்மாவுடையது. போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவன் கேட்டா, முழு நினைவோடதான் போட்டேன்னு சொல்லு" என்றாள்.

லோரீன் ஹால்வர்சன்