இருபத்துநான்கு கட்டங்கள்

அக்கா,

இன்று காலை பாகாலாவில் ரயில் ஏறியபோது எதிர் இருக்கையில் ஒரு பெண் புதுத்துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கஞ்சி போகாத பருத்தித் துணியின் வாசனை. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து கதவருகே போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். நீ இருந்திருந்தால், "இன்னாமே, எறும்பு கடிச்சிடுச்சா?" என்று கேட்டிருப்பாய். சந்திரகிரி தாண்டும்வரை கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது வருடம் நாம் சேர்ந்து போன ரயில் அது. நீ சித்தூரில் ஏறி எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைப்பாய். திருப்பதியில் இறங்கி நீ உன் பள்ளி அலுவலகத்துக்குப் போவாய், நான் என் பரிசோதனைக் கூடத்துக்கு. பெங்களூரில் இருக்கும் உன் மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த வாரமே, நகரித் தறிக்காரரிடம் வாங்கிய துண்டுத் துணிகளோடு வந்து நின்றாய்.

"பேரப்புள்ளைக்குப் பொந்த தைக்கப் போறேன்" என்றாய். தைத்த மெத்தைப் போர்வையை உங்கள் வீட்டில் எல்லோரும் தெலுங்கில் அப்படித்தான் சொல்வீர்கள்.

"ரயில்லயா? அத விரிக்க எடம் ஏதுக்கா?"

"மடியில எவ்ளோ கொள்ளுமோ அவ்ளோ தச்சிக்கினு போலாம்மே. கடைசியில ஒண்ணா சேத்துக்கலாம்."

அப்படித்தான் செய்தோம். மேலே ஒரு துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, கீழே ஒரு துணி. மூன்றையும் சேர்த்து ஒன்றரைச் சாண் சதுரமாக ஓட்டுத் தையல். ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக முடிந்துவிடும். உனக்குப் பன்னிரண்டு, எனக்குப் பன்னிரண்டு.

ஆறாவது கட்டத்தில் நீ இருந்தபோதுதான் என் கையைப் பிடித்து உன் முந்தானைக்குள் வைத்தாய். வலது மாரின் ஓரத்தில், புளியங்கொட்டை போல ஒன்று.

"டாக்டருக்குக் காமிச்சேன். ஊசி போட்டு எடுத்துப் பாக்கணும்ன்றாரு. அதெல்லாம் புள்ள பொறந்தப்புறம். யாருக்கும் சொல்லாத."

"அக்கா, தெரிஞ்சிக்கினே இப்படிச் சொல்றியா?"

"அவளுக்கு இப்பத்தான் நாலாம் மாசம். போன தடவ கலஞ்சிடுச்சி. இதக் கேட்டா தாங்கமாட்டா. எம்மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வேறு யாராவது பண்ணியிருந்தால் அறியாமை என்று சொல்லலாம். எனக்கு அந்தச் சாக்கு இல்லை. அப்படி எடுத்த சதைத் துணுக்குகள் சின்னச் சின்னப் பாட்டில்களில் தினமும் என் மேசைக்கு வருகின்றன. காத்திருந்தவர்களுக்கு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஒரு முறை கேட்பேன். "எட்டு முடிஞ்சிடுச்சி, இன்னும் நாலு" என்று கட்டக் கணக்கில் பதில் சொல்வாய். நானும் தலையைக் குனிந்துகொண்டு தைப்பேன்.

ஐந்து மாதம் அக்கா. பேரன் பிறந்து பத்தாம் நாள் நீ ஆஸ்பத்திரிக்குப் போனபோது அது கல்லீரல் வரை போயிருந்தது. அவன் நடக்கத் தொடங்கியதைப் பார்க்க நீ இல்லை.

போன மாதம், சித்தூரில் உன் வீட்டுக்கு வந்து தங்கியிருந்த உன் மகள் பையனோடு என் வீட்டுக்கு வந்தாள். உன் பன்னிரண்டு கட்டங்களைக் கொண்டுவந்திருந்தாள். "எனக்குத் தைக்க வராது சின்னம்மா. நீங்களே சேத்துக் குடுங்க" என்றாள். இருபத்துநான்கையும் கட்டிலில் பரப்பினோம். உன்னுடைய கடைசி மூன்றும் மற்றவற்றோடு பொருந்தவில்லை. ஒரு விரல் அளவு சிறியவை. தையல் அகன்று அகன்று, ஓரிடத்தில் கோணலாகப் போயிருந்தது.

"அம்மா இவ்ளோ மோசமா தைக்க மாட்டாங்களே. இது எப்ப தச்சது?"

கை வலிக்குது என்று நீ ஊசியை இடது கைக்கு மாற்றியது என் கண்முன் வந்தது. சும்மா ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"உனக்கு ஏழாம் மாசம், எட்டாம் மாசம். அப்பவே அவங்களுக்குத் தெரியும்மா. எனக்கும் தெரியும்."

அவள் கையில் இருந்த கட்டத்தைக் கீழே வைத்தாள். "நைனாவுக்கு?" என்று அப்பாவைப் பற்றிக் கேட்டாள்.

"தெரியாது. எனக்கு மட்டுந்தான்."

பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான்கு நாள் அவள் போன் எடுக்கவில்லை. கட்டங்கள் கட்டிலிலேயே கிடந்தன. நான் தரையில் படுத்தேன். வேலையில் இரண்டு முறை பாட்டிலில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டப்போய்க் கடைசி நொடியில் சுதாரித்துக்கொண்டேன். சிறிய மூன்றையும் பிரித்துச் சரியான அளவில் நானே தைத்துவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுப்பேன், வைப்பேன், மறுபடி எடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் அவள் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"கல்லறைக்குப் போய் அம்மாவைத் திட்டிட்டு வரேன். நான் தாங்கமாட்டேன்னு நீங்க ரெண்டு பேருமே எப்படி முடிவு பண்ணீங்க? என்னய ஒரு வார்த்த கேட்டீங்களா? நான் வந்திருப்பேன் சின்னம்மா. வயித்தத் தூக்கிக்கினு வந்து இழுத்துக்கினு போயிருப்பேன்."

"தப்புதாம்மா."

"பரவால்லன்னு சொல்லச் சொல்லி எங்கிட்ட கேக்காதீங்க. என்னால சொல்ல முடியாது." கத்தரிக்கோலைப் பார்த்தாள். அதை என் கையிலிருந்து வாங்கினாள். "அத பிரிக்காதீங்க. அப்படியே இருக்கட்டும்."

கட்டங்களை ஒன்றோடொன்று இணைக்கத் துணிப் பட்டிகள் வெட்டினோம், உன் மூன்று சிறிய கட்டங்களுக்கு மட்டும் அளவு சரிக்கட்ட அகலமாக. முன்பக்கம் பட்டியை வைத்து மெஷினில் ஓட்டினேன். பின்பக்கம் மடித்துக் கையால் ஹெம்மிங். தைக்க வராது என்றவள் மூன்று ஞாயிறு வந்து, விரலைக் குத்திக்கொண்டு, பாதிப் பட்டிகளை அவளே முடித்தாள். முடிந்த அன்று உன் பேரன் அதன் ஒரு மூலையை வாயில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க இழுத்துக்கொண்டு திரிந்தான். அவள் சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவனைப் பார்த்து.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்பு, எங்கள் கூடத்தைச் சுத்தம் செய்யும் பெண் என்னைத் தனியாக அழைத்தாள். கழுத்தில் கட்டி. "பொண்ணு கல்யாணம் முடியட்டும் மேடம், வூட்ல சொல்லாதீங்க" என்றாள். "இன்னிக்கு நீ சொல்லு. இல்லன்னா சாயங்காலம் நான் வந்து சொல்றேன்" என்றேன். அவள் சொல்லவில்லை. நான் போனேன். அவள் புருஷன் முன்னாடியே என்னை வாய்க்கு வந்தபடி ஏசினாள். மறுநாள் அவன் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனான். வைத்தியம் நடக்கிறது. ஆரம்பம்தானாம்.

இப்போது அவள் என்னோடு பேசுவதில்லை. என் மேசையை மட்டும் துடைக்காமல் போகிறாள். போகட்டும். உயிரோடு இருந்துகொண்டு பேசாமல் இருக்கிறாள்.

உன்னையும் அப்படிப் பேசாமல் இருக்க வைத்திருக்க வேண்டும் அக்கா.