வேப்பிலை மணக்கும் அலுமாரி

அக்கா,

இன்று உங்கள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. சீலைகளைப் பிரித்துக் கொடுக்க அலுமாரியைத் திறந்தால், காய்ந்த வேப்பிலை மணம். எத்தனை வீடு இடம்பெயர்ந்தோம்! எந்த வீட்டுக்குள்ளும் ஓர் அந்துருண்டையை நுழைய நீங்கள் விடவில்லை. எல்லைக்குக் காவல் நின்றவர்கள்கூட அவ்வளவு விழிப்பாக நின்றிருக்க மாட்டார்கள்.

உங்கள் மகன் பிறந்த முப்பத்தோராம் நாளுக்கு மாமன் சீராக நான் கொண்டுவந்த உடுப்பு, எட்டு மாதம் என் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. அக்கராயனில் உள்ள பூச்சியெல்லாம் அந்தப் பெட்டிக்குத்தான் படையெடுக்கும் என்று ஒரு கை அந்துருண்டை போட்டிருந்தேன்.

"தோய்ச்சுப்போட்டுப் போடுவமடா தம்பி" என்றீர்கள்.

"மாமன் சீரைத் தோய்க்கிறதோ? ராசாவின்ர பட்டாபிஷேகமல்லோ!" என்று ஊரைக் கூட்டினேன்.

தோய்க்காமலே போட்டோம்; மூன்றாம் நாள் ராசா மஞ்சளாகிப் போனான். எப்படியோ வவுனியாவுக்குக் கொண்டுபோய் இரத்தம் ஏற்றினோம். செங்குழியத்தைக் காக்கிற நொதியம் ஒன்று அவனுக்குப் பிறவியிலேயே குறைவு, தாய்வழியாக வந்தது, அப்படிப்பட்ட பிள்ளைக்கு அந்துருண்டை மணமே நஞ்சு என்றார் டொக்டர்.

"உடுப்புக்குள்ள அந்துருண்டை வைச்சனீங்களோ?"

உங்கள் மாமி உங்களையே பார்த்தபடி நின்றா. நான் வாய் திறக்க முதல், "ஓம், நான்தான் வைச்சனான்" என்றீர்கள்.

ஏழு ஊருக்குக் கேட்கும் என் வாய் அன்றைக்கு ஊமையாகிவிட்டது. 'பெத்த பிள்ளைக்கு நஞ்சு வைச்சவள்' என்று மாமி சாகும்வரை சொன்னா. ஏனக்கா என்று ஒருநாள் கேட்டேன்.

"இரத்தத்தின்ர பழி எப்பிடியும் எனக்குத்தான். ரெண்டையும் நானே வைச்சிருக்கிறன். நீ சீர் கொண்டுவாற மாமனாவே இரு."

பிறகு அவனுக்குக் காய்ச்சல் வந்த நாளெல்லாம், மூத்திரம் கறுக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் நீங்கள் தேத்தண்ணி குடித்தீர்கள்.

இன்று உங்கள் மச்சாள் ஒரு சீலையை முகர்ந்துவிட்டு, "அந்துருண்டைக்காரி கடைசியில வேப்பிலைக்கு வந்திட்டா" என்று சிரித்தா.

"அண்டைக்கு அந்துருண்டை வைச்சது நான்" என்றேன். முப்பது வருடம் பிந்தி, சனத்துக்கு முன்னால்.

உங்கள் மகன் கையிலிருந்த சீலையை மடித்து முடித்தான்.

"என்ர மகளுக்கும் இரத்தத்தில அந்தக் குறை இருக்குமாம், மாமா. அவளுக்கு வந்த உடுப்பெல்லாம் தோய்க்க வேணும். நாளைக்கு வாறியளோ?"

போகிறேன். பட்டாபிஷேகம் என்று கத்த மாட்டேன். மூன்று தண்ணியில் அலசி வெயிலில் போடுவேன். ரெண்டு பழியில் ஒன்றை வாங்கிக்கொண்டேன், அக்கா. தந்துவிட்டுச் சிரிக்க நீங்கள்தான் இல்லை.