தனுவுக்குச் சோறு ஊட்டுகிறேன், மதினி

என் அன்பு மதினிக்கு,

உங்கள் மகள் தனு நடக்கிறாள். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நம் ஒற்றை அறைக் காம்பராவின் வாசல் வரை வருகிறாள். அங்கே நின்று, தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களை ஒவ்வொருத்தராகப் பார்க்கிறாள். "யாரத் தேடுறா இவ?" என்று பக்கத்துக் காம்பரா கமலாக்கா கேட்டாள். நான் பிள்ளையை உள்ளே தூக்கி வந்துவிட்டேன்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. கட்டுகஸ்தோட்டைத் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு நான் மடுல்கெல்லைத் தோட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டேன். அண்ணன் தேயிலை பெக்டரிக்குப் போகிறான், நான் உங்கள் பிள்ளையைப் பார்க்கிறேன். நாத்தனார் என்றால் மதினியோடு சண்டை பிடிக்கத்தான் இருக்கிறாள் என்று இந்த லயத்து வரிசை வீடுகளில் சொல்லுவார்கள். சண்டை பிடிக்கக்கூட நீங்கள் எனக்கு அவகாசம் தரவில்லை.

நடக்கிறாள் என்றதும் நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களிடம் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? பிள்ளை இளைத்துவிட்டாள். கொஞ்ச தூரம் நடந்தாலே உட்கார்ந்துகொள்கிறாள். போன மாதம் கிளினிக்கில் சிங்கள நர்ஸ் மிஸ்ஸி அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பையே காணோம்.

"இந்த பபாவுக்கு ரத்தம் இல்ல. அம்மாவுக்கும் இப்பிடித்தான் நான் பாத்தது" என்றார். அவருடைய அரைகுறைத் தமிழுக்கு நீங்கள் எத்தனை தடவை சிரித்திருப்பீர்கள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த கிளினிக்கிலும் இப்படியே இருந்தால் கண்டி ஆஸ்பத்திரியில் வார்டில் போட வேண்டுமாம். காய்ச்சல் என்று உங்களைக் கொண்டுபோனோமே, அதே ஆஸ்பத்திரி. அந்தக் காய்ச்சலைத் தாங்குவதற்கு உங்கள் உடம்பில் இரத்தம் இல்லை என்று அங்கேதான் சொன்னார்கள். அதே வாசலுக்குள் இவளையும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?

பிள்ளைக்கு என்ன கொடுக்கிறோம் என்று மிஸ்ஸி கேட்டார். சோறு கொஞ்சம், பிஸ்கட், போத்தலில் தேத்தண்ணி என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தேத்தண்ணி எபா! எபா!" எபா என்றால் வேண்டாம் என்று இந்தத் தோட்டத்தில் தெரியாதவர்கள் யார்? வயிறு தேத்தண்ணியால் நிரம்பிவிட்டால் பிள்ளை சோற்றைத் தேடாதாம். தேடிச் சாப்பிட்டாலும், அதில் இருக்கிற இரத்தச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தேத்தண்ணி தடுத்துவிடுமாம். காலமெல்லாம் கொழுந்து பறிக்கிற சனத்திடம் வந்து இதைச் சொல்கிறாரே என்று முதலில் கோபம்தான் வந்தது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நீங்கள் இருந்தபோது இவளுக்கு ஒரு குறையும் இல்லை. மலையிலிருந்து கூடையை இறக்கிப் போட்டுவிட்டு, பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவுக்கு மூச்சிரைக்க ஓடிவந்து பால் கொடுப்பீர்கள். கோயிலில் முதல் சோறு ஊட்டிய பிறகு, பருப்பும் பூசணியும் மசித்து நீங்களே ஊட்ட ஆரம்பித்தீர்கள். அதில் பாதியில் போய்விட்டீர்கள்.

அதன் பிறகு லயமே சேர்ந்துதான் இவளை வளர்த்தது. அழுதால் ஒருத்தி போத்தலில் சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள். இன்னொருத்தி பிஸ்கட்டை அதில் நனைத்து வாயில் வைத்தாள். தாயில்லாப் பிள்ளை என்று எல்லோருக்கும் இரக்கம். இந்த லயத்தில் யாருக்கு என்ன துக்கம் வந்தாலும் முதலில் தேத்தண்ணிதானே ஊற்றுவோம்? பிள்ளைக்கும் அதைத்தான் செய்தார்கள். யாரைக் குறை சொல்வது?

கிளினிக்கிலிருந்து வந்த அன்றே போத்தலை எடுத்து மேல் தட்டில் போட்டுவிட்டேன். அம்மாடி, என்ன அழுகை! தொண்டை கட்டும் வரை அழுதாள். கமலாக்கா ஓடிவந்து, "பச்சப் புள்ளைக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுத்தா ஒன் சொத்தா கொறஞ்சு போவுது?" என்று சத்தம் போட்டாள். நானும் விடவில்லை. "அக்கா, நீங்க குடுக்கிறதா இருந்தா முட்டை குடுங்க, தேத்தண்ணி வேணாம்" என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவள் பல நாள் பேசவே இல்லை. அப்புறம் ஒரு காலையில் வாசற்படியில் முட்டை இருந்தது. அவள் வளர்க்கிற கோழியின் முட்டைதான் அது என்று எனக்குத் தெரியும்.

அண்ணனோடுதான் பெரிய சண்டை. பெக்டரியிலிருந்து வந்து மடியில் வைத்துக்கொண்டு, தன் கோப்பையிலிருந்தே பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கையும் களவுமாகப் பிடித்தேன். "அழுவுறா செல்வி, பாத்துக்கிட்டு இருக்க முடியல" என்றான். "மதினி போனப்பவும் இப்பிடித்தான் பாத்துக்கிட்டு இருந்தோம்" என்று சொல்லிவிட்டேன். கோப்பையை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அதன் பிறகு அவன் பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

இப்போது ஊட்டுகிற கதையைக் கேளுங்கள். பருப்பில் முருங்கை இலை போட்டு மசித்தேன், துப்பினாள். கோழி ஈரலை அவித்து, சோற்றுக்குள் ஒளித்துக் கொடுத்தேன், நாக்கால் தேடிப் பிடித்து வெளியே தள்ளினாள். பப்பாசிப் பழத்தைக் கையில் வாங்கிக்கொண்டு தலையில் தேய்த்தாள். அவித்த முட்டையின் மஞ்சளில் மட்டும் கொஞ்சம் இறங்குகிறது. ஒரு கிண்ணம் சோறு ஊட்டி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிடுகிறது. இன்னும் இரண்டு வாய், இன்னும் ஒரு வாய் என்று நான் கெஞ்சுகிற குரல் லயத்தின் அந்தக் கோடி வரை கேட்குமாம்.

நேற்று உங்கள் வருஷத் தெவசம். படையல் போட வேண்டும். போனவர்களுக்குப் பிடித்ததைத்தானே இலையில் வைப்பது நம் வழக்கம். கமலாக்கா அவள் மாமனாருக்குச் சுருட்டும் சாராயமும் வைத்ததை நீங்களே பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். சமைக்க உட்கார்ந்தபோது கமலாக்கா சாதாரணமாகத்தான் கேட்டாள்: "ஒங்க மதினிக்கு என்னா புடிக்கும் செல்வி?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவன் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு யோசித்தான். இத்தனை வருஷம் உங்களோடு குடும்பம் நடத்தியவன். அண்ணனுக்கு மாசிக் கருவாட்டுச் சம்பல் என்றால் உயிர் என்று உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் டவுனிலிருந்து வந்தால் எனக்குப் பிடிக்கும் என்று அடிப்பிடித்த சோற்றை எடுத்து வைப்பீர்கள். எங்களுக்குப் போட்டுவிட்டு, "நீங்க சாப்புடுங்க, நான் அப்புறமா" என்று அடுப்படியில் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்பீர்கள். அந்த அப்புறத்தில் என்ன சாப்பிட்டீர்கள், ஏதாவது மிச்சம் இருந்ததா என்று யாரும் பார்த்ததில்லை.

"தேத்தண்ணி வைப்போம்" என்றான் அண்ணன் கடைசியில். "அவ அதத்தானே குடிப்பா." சொல்லிவிட்டு லயத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவன் தோள் குலுங்கியது இங்கிருந்தே தெரிந்தது. சோறு, பருப்பு, பூசணிக் கறி, நெத்தலிக் குழம்பு என்று எங்களுக்குத் தெரிந்ததைச் சமைத்து வைத்தோம். பக்கத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணியும் வைத்தோம். சூடம் கொளுத்திக் கும்பிட்டபோது எனக்கு வேண்டுதல் ஒன்றும் வரவில்லை. உங்களைப் பட்டினி போட்டே அனுப்பிவிட்டோமோ என்ற நினைப்புத்தான் வந்தது.

படையல் முடிந்ததும் எப்போதும் போல ஆம்பளைகளுக்கு முதலில் இலை போட்டேன். அண்ணன் உட்கார்ந்தான், ஆனால் சாப்பிடவில்லை. தனுவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "மொதல்ல இவ சாப்புடட்டும். அப்புறம் நீ சாப்புடு. எனக்கு இருக்கிறதப் போடு, போதும்" என்றான். இந்தக் காம்பராவில் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. அதைக் கேட்க வேண்டியவர் நான் இல்லையே மதினி.

பூசணியை வழக்கம் போலத் துப்பினாள். நெத்தலியின் சதையை நசுக்கிச் சோற்றில் பிசைந்து அண்ணன் ஊட்டினான். மென்றாள். அண்ணனின் விரலைப் பிடித்து இழுத்து இன்னொரு வாய் கேட்டாள். அப்புறம் இன்னும் ஒன்று. கமலாக்கா கூட மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய சாப்பாடு ஒன்றும் இல்லை, உங்கள் கைப்பிடியில் பாதி இருக்கும். இன்றைக்குக் காலையில் அவள் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது. வருகிற வாரம் அந்தக் கிளினிக். எனக்குப் பயமாக இருக்கிறது.

பிள்ளை தேறிவிடுவாள் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. என் கையில் இருக்கிற ஒன்றை மட்டும் சொல்கிறேன். இந்த வீட்டில் இனி அவள் இலைதான் முதல் இலை. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எப்போது யார் கேட்டாலும், நானும் அண்ணனும் யோசிக்காமல் சொல்லுவோம். இப்போதைக்கு நெத்தலி பிடிக்கும். பூசணி பிடிக்காது.

இப்படிக்கு,
உங்களைச் சாப்பிட்டீர்களா என்று கேட்காத வீட்டிலிருந்து,
உங்கள் நாத்தனார், தனுவின் அத்தை,
செல்வி