உயிரோடிருந்தவரை அழைத்த நாள்

அன்புத் தங்கை மெரியானாவுக்கு,

ஹுஹானா அக்கா எழுதுவது. பிரிஸ்பேனில் நீயும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மூன்று நாளாக மழை. நம் குலம் கூடும் மராய்க் கூடத்தின் கூரை இன்னும் அதே மூலையில்தான் ஒழுகுகிறது.

புதன்கிழமைதோறும் பெண்களுக்கு வாசல் அழைப்பு சொல்லிக்கொடுக்கிறேன், வருகிறவர்களையும் அவர்களுடைய இறந்தவர்களையும் குரலெடுத்து உள்ளே அழைக்க. பதினொரு பேர் வருகிறார்கள். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். வருகிறவர்கள் எந்தக் குலம், எந்த மலை, அவர்களில் யார் இறந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டுதானே வாய் திறக்க வேண்டும்? பஸ் ஓட்டும் ரிபெகா, "அத்தை, பேப்பரப் பாத்துக்கிட்டே கூப்பிடலாமா?" என்றாள். "தாராளமா. வர்றவங்களும் பேப்பரப் பாத்தே அழட்டும்" என்றேன். சிரித்து ஓய்ந்ததும் அவளே கேட்டாள், "யாராவது தப்பாக் கூப்பிட்டிருக்காங்களா?" பாடத்தை அத்தோடு முடித்து அனுப்பிவிட்டேன்.

முப்பத்தொரு வருடம் ஆகிறது, மெரியானா. ராவிரி மாமாவின் சாவுக்கு மலைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் வந்து வாசலில் நின்றார்கள். உனக்கு இருபத்திரண்டு வயது, முதல் அழைப்பு. கறுப்புப் பாவாடையும் தலையில் இலை வளையமுமாக நீ நின்ற அழகு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. என்ன குரலடி அது! எனக்கே பொறாமையாக இருந்தது. அவர்களுடைய இறந்தவர்களை வரிசையாக அழைத்தாய். ஹோஹெபா பெரியவர் பெயரையும் சேர்த்துச் சொன்னாய். அவரோ முன்வரிசையில் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அடியே, இன்னும் ஒரு வாய் சாப்பிடக்கூட இல்ல, அதுக்குள்ள அனுப்பிட்டியே!" என்று அவர் கத்தியதும் வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நம் அத்தைமார் சிரிக்கவில்லை. சமையல் கொட்டகையில், சிப்பி மூட்டைகளுக்கு நடுவே, எல்லார் காதிலும் விழ நான் சொன்னேன்: "வாசல்ல நிக்க இவளுக்கு என்ன தகுதி இருக்கு?" அந்த மாதமே நீ கடல் தாண்டிவிட்டாய். அவர் இன்னும் ஒன்பது வருடம் இருந்தார்.

அவர் போய்விட்டார் என்று அன்று காலை உன்னிடம் சொன்னது யார்? நான்தான். ஹோஹெபா வீட்டு அண்ணன் தம்பிகளில் ஒருவர் இறந்ததாகக் கடையில் கேட்டேன். மூத்தவராகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இறந்தது இளையவர் பாவோரா. கொட்டகையில் நீ என்னையே பார்த்தாய், நான் சொல்வேன் என்று. நான் குனிந்து பாத்திரம் கழுவினேன். நீயும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நேற்றுதான் பதினொரு பேரிடமும் இதைச் சொன்னேன். ரிபெகா எழுந்து போய் எனக்குத் தேநீர் போட்டாள். யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை.

வருகிற பதினான்காம் தேதி, புற்று வந்த என் குரல்வளையை எடுக்கிறார்கள். எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர். சொல்லும்போது கையிலிருந்த ஃபைலைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. வாசலைப் பற்றிக் கவலையில்லை, ரிபெகா நன்றாகவே கூப்பிடுவாள். ஆனால் என்னைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு வருகிற அன்று வேறு எவர் குரலுக்கும் நான் உள்ளே வரமாட்டேன்.

நம் முன்னோர் உன் குரலைக் காக்கட்டும். வந்துவிடு, அம்மா. அன்று என் பெயரைத் தயங்காமல் சொல். தப்பாக இருக்காது.

உன் அக்கா,
ஹுஹானா